மாஸ்டர் ஓடின கதை

ரொறன்ரோவுக்குப் பக்கத்து விட்பியில் இருக்கும் என் சித்தியின் வீட்டு வாசல் விளக்கு ஒக்ரோபர் மாதக் கடைசி மாலையில், ஹலோவீன் அன்று, எரியாது. அந்தத் தெருவில் மற்ற எல்லா வீட்டுப் படிகளிலும் பூசணிக்காய்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். சித்தி வீடு மட்டும் ஆள் இல்லாத வீடு போல இருண்டு கிடக்கும். வேஷம் போட்டுக் கதவைத் தட்டுகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பை சொக்லேட் வாங்கிவைக்க மனம் வராத மனுஷி, எச்சில் கையால் காகம் துரத்தாதவர் என்று பெறாமக்கள் நாங்கள் எல்லோரும் எத்தனையோ வருடமாகப் பகிடி பண்ணினோம். அந்தப் பகிடியைத் தொடக்கிவைத்தவளே நான்தான்.

நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். தலைக்குச் சாயம் பூசுவதா, இப்படியே விடுவதா என்று கண்ணாடிக்கு முன்னால் யோசிக்கிறவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த ரொறன்ரோவில் வளர்ந்திருந்தால் உங்கள் வீட்டு பேஸ்மென்டிலும் யாராவது ஒருவர் இருந்திருப்பார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர், அகதிப் பேப்பர் கிடைக்காதவர், படியில் ஏறும்போது செருமிக்கொண்டு ஏறுகிறவர். எங்கள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் மாஸ்டர் இருந்தார்.

அவர் தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தவர். இங்கே பகலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். சனிக்கிழமைகளில் எங்கள் பேஸ்மென்டில், உடுப்பு உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில், எனக்கும் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்தார். அப்பா அவரிடம் வாடகை வாங்கவில்லை. படிக்கிற பிள்ளைகளின் வீடுகளிலிருந்து முறைவைத்து இரவுச் சாப்பாடு வரும். அந்த மெஷினின் சூடும், ஈரச் சுவரின் மணமும், யார் வீட்டிலிருந்தோ வந்த கத்தரிக்காய்க் குழம்பின் மணமும் கலந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பின்னக் கணக்கு.

மாஸ்டர் மெலிந்து நெடுத்த ஆள். கைகள் சேட்டுக்கு வெளியே ஒரு சாண் நீண்டு நிற்கும். சாப்பிட உட்கார்ந்தால் நிமிர மாட்டார். "உந்த உடம்புக்கை எங்கை போகுது உவ்வளவு சோறும்?" என்று அப்பா அவரை வைத்துக்கொண்டே கேட்பார். மாஸ்டர் சிரித்துக்கொண்டு இன்னொரு அகப்பை வாங்குவார். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாட்டுக்குழுவுக்கு அவர்தான் பாட்டுப் பழக்கினார். என் அம்மாவின் தங்கையான சித்தியும் அந்தக் குழுவில் பாடினார். சித்தி அப்போது எங்களோடுதான் இருந்தார். டோனட் கடையில் வேலை. மாஸ்டர் சுருதி பிடித்துக் கொடுக்கும்போது சித்தி புத்தகத்தைப் பார்க்காமல் அவரைப் பார்ப்பது என் வயதுப் பிள்ளைக்கே விளங்கியது. அம்மாவுக்கு விளங்காமல் இருக்குமா? "கிறிஸ்மஸ் முடியட்டும், அதைப் பற்றிக் கதைப்பம்" என்று அம்மா சித்தியிடம் குசினிக்குள் சொன்னதை நான் கேட்டேன். சித்தி அன்று முழுவதும் பாடிக்கொண்டு திரிந்தார்.

அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. அவர் மனதில் வைத்திருந்த ஆள் வான் மாமா. அப்பாவின் ஊர்க்காரர். பாண் சுடும் வெதுப்பகம் ஒன்றுக்கு வான் வண்டி ஓடியபடியால் நாங்கள் வைத்த பெயர் அது. எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஊரைவிட்டு வந்தவர். கையில் பேப்பர் இருந்தது, விட்பியில் புது வீடு ஒன்றுக்குக் காசும் கட்டியிருந்தார். விட்பி அப்போது எங்களுக்கு உலகத்தின் விளிம்பு. ஞாயிறு தவறாமல் பாண் பைகளோடு வருவார், எல்லோரையும் சிரிக்கவைப்பார், என்னைத் தூக்கி வானின் முன் சீட்டில் இருத்தி ஹோர்ன் அடிக்க விடுவார். எனக்கு அவரை நிறையப் பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஒக்ரோபரில் பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் ஒரு பேய்க்கதை வாசித்தார். எழுதியவர் பழைய காலத்து அமெரிக்கர். அந்த நாட்டில் சிறுகதை என்ற ஒன்றை எழுதத் தொடங்கிய முதல் ஆட்களில் ஒருவராம். கதையில் தலையில்லாத ஒருவன் குதிரையில் வருகிறான். எனக்குக் குதிரைக்காரனைவிட அதில் வருகிற வாத்தியாரைத்தான் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் தமிழில் அவிழ்த்துவிட்டேன். அன்று மாஸ்டருக்கு எங்கள் வீட்டு முறை, அதனால் அவரும் மேலே வந்திருந்தார். வேலை முடிந்து எட்டிப்பார்க்க வந்த வான் மாமாவும் இருந்தார்.

"ஒரு ஊரிலை ஒரு வாத்தியார். மெல்லிய ஆள், கையும் காலும் நீளம். பிள்ளையளின்ரை வீடுகளிலை மாறி மாறிச் சாப்பிடுவார். நல்லாச் சாப்பிடுவார். பாட்டும் பழக்குவார்" என்றேன்.

வான் மாமா மேசையில் தட்டினார். "உது எங்கட மாஸ்டரெல்லோ."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர்தான் மற்ற எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். "பரவாயில்லை, சொல்லும் பிள்ளை. உந்த வாத்தியாருக்குச் சாப்பாடு ஒழுங்காக் கிடைச்சதோ?"

வாத்தியார் ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணை விரும்புகிறார். அதே பெண்ணை ஊரில் ஒரு பலசாலியும் விரும்புகிறான். ஒரு விருந்து முடிந்து வாத்தியார் தனியே வருகிறபோது தலையில்லாத குதிரைக்காரன் துரத்துகிறான், கையில் வைத்திருந்த தலையைத் தூக்கி எறிகிறான். அடுத்த நாள் பார்த்தால் வழியில் வாத்தியாரின் தொப்பியும் உடைந்த பூசணிக்காயும் மட்டும் கிடக்கின்றன. ஆளைப் பிறகு அந்த ஊரில் யாரும் காணவில்லை. நான் கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடித்தபோது சித்தி இடியப்பத் தட்டோடு கதவடியில் நின்றபடியே நின்றார்.

"அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு ஆர் படிப்பிச்சது?" என்று மாஸ்டர் கேட்டார்.

"தெரியாது மாஸ்டர்."

"அதையெல்லோ முதல் கேட்டிருக்க வேணும்" என்றார்.

வான் மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தாடையைச் சொறிந்துகொண்டார். பெரியவர்கள் பேசாமல் பேசிக்கொள்வதைப் பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள், விளங்குவதற்குத்தான் பாதி ஆயுள் போய்விடுகிறது.

அடுத்த ஞாயிறு வான் மாமா ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்தார். பாஸ்மதி அரிசி வந்த சணல் சாக்கு ஒன்று குசினி மூலையில் மடித்துக் கிடந்தது. அதை எடுத்துச் சித்தியிடம் நீட்டினார். "பிள்ளைக்கு ஹலோவீனுக்கு ஒரு வேஷம் செய்வம். உதிலை ரெண்டு கண் வெட்டித் தாறியளோ?"

அப்பா வழக்கமாக அதைப் பிசாசுத் திருநாள் என்று சொல்லி என்னை வெளியே விடாதவர். அந்த வருடம் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி என்னை ஸ்டூலில் இருத்திச் சாக்கைத் தலையில் கவிழ்த்து, கண் இருக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் அடையாளம் வைத்தார். உள்ளே அரிசித் தூசியின் மணம். சணல் கன்னத்தை அரித்தது. பிறகு கழற்றி, கத்தரிக்கோலால் இரண்டு வட்டம் வெட்டினார். சித்தியால் எதையும் அரைகுறையாகச் செய்ய முடியாது. நூல் கழன்று போகாமல் இரண்டு ஓட்டைகளுக்கும் சுற்றிவரக் கறுப்பு நூலால் ஓரம் தைத்தார். திரும்பவும் எனக்குப் போட்டுவிட்டு, ஓட்டைக்குள்ளால் என் கண்ணைப் பார்த்து, "ஆரிது, ஆரிது?" என்று கிச்சுக்கிச்சு மூட்டினார். நான் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தேன்.

போகும்போது வான் மாமா சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பிள்ளைக்கு இது பெரிசு. நான் வேறை வாங்கித் தாறன்." சொன்னபடியே சூனியக்காரித் தொப்பி ஒன்று வாங்கித் தந்தார். நானும் சாக்கை மறந்துவிட்டேன்.

ஹலோவீன் மாலை பக்கத்துத் தெருக்களைச் சுற்றி, தலகணி உறை நிறைய இனிப்போடு வீட்டுக்கு வந்தேன். அம்மா புட்டும் மீன் குழம்பும் போட்ட கோப்பையை என் கையில் தந்து, "ஆறமுதல் மாஸ்டரிட்டைக் குடுத்திட்டு வா" என்றார். சித்தி இன்னும் வேலையால் வரவில்லை. நான் உள்படியில் பாதி இறங்கியபோது பேஸ்மென்டின் பக்கக் கதவை யாரோ ஓங்கித் தட்டினார்கள்.

மாஸ்டர் இடுப்பில் கட்டிய சாறத்தோடும் ஸ்வெட்டரோடும் போய்க் கதவைத் திறந்தார். வாசலில் நிறுத்தியிருந்த வானின் லைற் முழுதும் உள்ளே அடித்தது. அந்த வெளிச்சத்தில் கறுப்பு ஓவர்கோட்டும் பூட்ஸும் போட்ட ஒருவன் நின்றான். கழுத்துக்கு மேலே முகம் இல்லை. சாக்குத்தான் இருந்தது, அதில் இரண்டு ஓட்டைகள். கக்கத்தில் பூசணிக்காய். தலை கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமாம், பிறகு சொன்னார்கள். எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. வான் மாமாவின் பூட்ஸ் எனக்குத் தெரியாதா?

"ஆரது?" என்றார் மாஸ்டர்.

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சாக்கு பதில் சொல்லாமல் மெல்லத் தலையை ஆட்டியது. மேலும் கீழும். மறுபடியும் ஒருமுறை.

மாஸ்டரின் கைகள் உயர்ந்தன. விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்துக்கொண்டார், யாரோ பழக்கிவிட்டது போல. "நான் வாத்தியார்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "நான் வாத்தியார். பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனான்." அப்போது அவருடைய சாறம் நனைந்து, காலடியில் சீமெந்து கறுத்தது.

வானுக்குப் பின்னாலிருந்து அப்பாவும் அவருடைய சிநேகிதர்களும் வெடித்துச் சிரித்தார்கள். கதையில் வந்தது போல வான் மாமா பூசணிக்காயைத் தூக்க, அது வழுக்கிப் படியில் விழுந்து பிளந்தது. அந்தச் சத்தத்தில் மாஸ்டர் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். வெறுங்காலோடு பின் வேலியில் ஏறிக் குதித்துப் போனார். செருப்பு கதவடியிலேயே இருந்தது. என் கையில் புட்டு இன்னும் சூடாக இருந்தது. அந்த நேரம் எனக்கு அவரை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. பெரிய ஆள், கணித மாஸ்டர், சின்னப்பிள்ளை போல நனைத்துவிட்டாரே என்று.

சித்தி வேலையால் வந்தபோது அப்பா கதையை மூன்றாம் தரமோ நான்காம் தரமோ சொல்லிக்கொண்டிருந்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று முடித்தார். சித்தி ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு, மற்றக் காலில் பூட்ஸோடு நின்று கேட்டார்.

"என்னத்தைப் போட்டுக்கொண்டு போனனீங்கள்?"

வான் மாமா கதிரையில் கிடந்த சாக்கைத் தூக்கிக் காட்டினார். "நீங்கள் வெட்டித் தந்ததுதான்."

சித்தி அதைப் பார்த்தார். பிறகு மற்ற பூட்ஸையும் கழற்றாமலே மேலே போய்விட்டார். கார்ப்பெட்டில் சேற்றுத் தடம். அம்மா அதைத் துடைத்துக்கொண்டே அப்பாவைப் பார்க்காமல், "உது பகிடியில்லை" என்றார்.

காலையில் மாஸ்டர் எங்கிருந்தோ எங்களுக்கு ஃபோன் எடுத்தார். அப்பா பேசியதுதான் எனக்குக் கேட்டது. "மாஸ்டர், அது எங்கட ஆள்தான். சும்மா பகிடிக்கு. ஓமோம், விளங்கினதெண்டால் சரி. வாங்கோவன், இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் நினைக்கேல்லை. ஹலோ?" ரிசீவரை வைத்துவிட்டு, "வெக்கமாம்" என்றார். சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

மாஸ்டர் வரவில்லை. யாரோ ஒருவர் வந்து அவருடைய பையை வாங்கிக்கொண்டு போனார். சித்திதான் சேட்டுகளை மடித்து அடுக்கினார். செருப்பைக் கழுவித் துடைத்துப் பாண் பையில் போட்டு உள்ளே வைத்தார். உடைந்த பூசணிக்காயை வீணாக்காமல் அம்மா கறிவைத்தார். இந்த நாட்டுப் பூசணிக்காய் வெறும் தண்ணீர், எவ்வளவு தேங்காய்ப்பால் விட்டாலும் ருசி ஏறாது. அன்று மேசையில் எல்லோரும் அதைச் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை வகுப்பு அதோடு நின்றது. வேறு மாஸ்டர் யாரும் வரவில்லை. பேஸ்மென்டுக்கு அப்பா ஒரு பெரிய டீவி வாங்கிப் போட்டார். சித்தி பாட்டுக்குழுவுக்குப் போவதை விட்டார். அடுத்த கோடையில் வான் மாமாவைக் கட்டிக்கொண்டு விட்பிக்குப் போனார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்ட உடனே ஓம் என்றார் என்று அம்மாவே ஆச்சரியப்பட்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு யூனியன்வில்லில் ஒரு கலியாண வீட்டில் மொன்றியலிலிருந்து வந்த ஒருவர் என் பக்கத்தில் சாப்பிட்டார். பேச்சுவாக்கில் மாஸ்டரைப் பற்றிக் கதை வந்தது. அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாராம். "ரொறன்ரோவிலை ஒரு குடும்பம் தன்னைச் சொந்தம் மாதிரி வைச்சிருந்தது எண்டு சொல்லுவார். சொல்லாமல் வந்திட்டன், அவையின்ரை முகத்திலை முழிக்க வெக்கம் எண்டுவார்" என்றார் அவர். நாங்கள் பட்டிருக்க வேண்டிய வெட்கத்தையும் அந்த மனிதரே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நான்தான் அந்தக் குடும்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அமெரிக்கக் கதையைப் பெரியவளான பிறகு முழுதாக வாசித்தேன். மாஸ்டர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருந்தது. வேறொரு வாத்தியார் வந்து பள்ளிக்கூடத்தை நடத்தினாராம். பலசாலி அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டானாம், பூசணிக்காய்ப் பேச்சு வந்தால் பெரிதாகச் சிரிப்பானாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். குடும்பம் கூடினால் வான் மாமா மாஸ்டர் ஓடின கதையைச் சொல்லாமல் விடமாட்டார். அப்பா உயிரோடு இருந்தவரை பழமொழியை அவர் எடுத்துக் கொடுப்பார். கதை தொடங்கியதும் சித்தி எழும்பிப்போய்க் குசினிக் குழாயைத் திறந்துவிடுவார். அந்த அமெரிக்கர் எல்லாவற்றையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர். விருந்துச் சாப்பாட்டைக்கூடப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்ற இடம் வந்ததும், அது எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்துவிட்டுப் போய்விடுகிறார். நானும் சித்தியிடம் கேட்டதில்லை.

போன ஒக்ரோபரில் வான் மாமாவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன். பார்க்கப் போன நாள் ஹலோவீன் என்பது வாசல் இருண்டிருந்ததைப் பார்த்துத்தான் நினைவு வந்தது. முன்னறையில் அவர் காலை நீட்டி இருந்தார், பேரப்பிள்ளைகள் சுற்றிவர இருந்தார்கள். குசினியில் அடுப்புக்கு மேலிருந்த சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. சித்தி கோப்பைகளைக் கழுவி அடுக்கி முடித்திருந்தார்.

"இன்னும் லைற்றை நூத்துப்போட்டுத்தான் இருக்கிறியளோ? ஒரு சொக்லேட்டுக்கு உவ்வளவு பயமோ சித்தி?" என்று வழக்கம் போலச் சீண்டினேன்.

சித்தி சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"கதவைத் திறக்க, ஆரும் சாக்குப் போட்டுக்கொண்டு நிண்டாலெண்டு பயம்" என்றார். "மாஸ்டர் பேய்க்கு ஓடினவரில்லை, பிள்ளை. ஊரிலை ஆமி சுத்தி வளைச்சா எல்லாரையும் வரிசையா நிப்பாட்டும். முன்னுக்கு ஒருத்தனைக் கொண்டுவந்து இருத்தும். அவன்ரை தலையிலை சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. தலையாட்டி எண்டுறது. அவன் ஆரைப் பாத்துத் தலை ஆட்டுறானோ அவனை ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். மாஸ்டரின்ரை தம்பியைப் பாத்து ஆட்டினவன். பக்கத்திலை இவர் பிடரியிலை கையைக் கட்டிக்கொண்டு நிண்டவர். தம்பி திரும்பி வரேல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவர்தான் சொன்னவர். பாட்டுப் பழகி முடிஞ்சு நடந்து வரேக்கை."

"எப்ப?"

"சாக்கு வெட்டினதுக்கு முதல்."

முன்னறையில் பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். சித்தி மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார், தையல் பார்க்கிறவர் போல.

"அவர் சொன்னது என்ரை காதிலை இருந்தது. கத்தரிக்கோல் கையிலை இருந்தது. ரெண்டும் சேரேல்லை. உனக்குப் போட்டுப்போட்டுச் சிரிச்சன். எப்பிடிச் சேராமல் போச்சுது எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன்."

"அதுக்கு ஏன் வான் மாமாவைக் கட்டினனீங்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வேறை ஆருக்கு முகம் குடுக்கிறது? நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த வேலைதானே." குரலைத் தாழ்த்தினார். "இந்த மனிசனுக்கு இண்டைக்கும் தெரியாது. சண்டைக்கு முதலே வெள்ளண்ண வந்திட்டார், உதொண்டும் காணாதவர். அவரும் மாஸ்டர் பேய்க்குப் பயந்தவர் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறார். தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார். நல்ல மனிசன்."

அந்த நேரம் முன்னறையிலிருந்து வான் மாமாவின் குரல் வந்தது. "இஞ்சேரும், மாஸ்டர் ஓடின கதையை இவைக்கு ஒருக்காச் சொல்லட்டோ?"

சித்தி என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ" என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு எழும்பிப்போய்க் குழாயைத் திறந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துத் தண்ணீரில் பிடித்தேன். அது ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பைதான்.